செவ்வரத்தையா, கடதாசிப்பூவா?

(தலவில யாத்திரை சென்ற நமது தோட்டக் குடும்பங்கள் ஆலங்குடாவில் தங்கியிருந்த மாலையில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது. கேட்டவர்கள் விரும்பியதால் இங்கே தருகிறோம்.)



புனித அன்னம்மாள் கோயிலுக்கு வந்தோம், கும்பிட்டோம், கடலையும் பார்த்துவிட்டோம். நமது பிள்ளைகள் பலருக்கு இதுதான் முதல் கடல். கரை மணலில் படர்ந்து கிடந்த ஊதாப்பூக் கொடியைக் காட்டி, "இது என்னா கொடி?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அதுதான் அடம்பன் கொடி. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று சங்கக் கூட்டங்களில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! கொடியை இன்றைக்குத்தான் கண்ணால் கண்டோம்.

ஆனால் நாம் பேச வந்தது வேறொரு கொடியைப் பற்றி. மத்தியானத்திலிருந்து நமது பெண்களுக்குள் ஒரே பேச்சு. இந்த வீட்டு முற்றத்தில் நிற்கும் செவ்வரத்தையில் ஒரு குச்சி வேண்டும். அந்தப் பந்தலில் ஏறி நிற்கும் கடதாசிப்பூவிலும் ஒரு குச்சி வேண்டும். வீட்டுக்கார ராத்தா முகம் கோணாமல் இரண்டையும் தருவதாகச் சொல்லிவிட்டார். நமது பஸ்ஸில் இடம் கொஞ்சம். இஸ்தோப்புக்கு முன்னால் உள்ள இடமோ அதைவிடக் கொஞ்சம். ஆகவே எது யாருக்குச் சரிவரும் என்று இங்கேயே யோசித்துவிட்டுக் கொண்டுபோவது நல்லது.

முதலில் செவ்வரத்தை. நம்மில் பலர் செம்பருத்தி என்போம், இரண்டும் ஒன்றுதான். இது தன் காலில் நிற்கும் செடி. ஒருமுறை பிடித்துவிட்டால் வருசக்கணக்கில் நின்று பூக்கும். ஒரு பூவுக்கு ஆயுசு பெரும்பாலும் ஒரு நாள்தான். காலையில் விரிந்தது மாலையில் சுருங்கிவிடும். ஆனால் மறுநாள் வேறு மொட்டு காத்திருக்கும். சாமிக்குப் பூவாகும், இலையை அரைத்தால் தலைக்குத் தேய்க்கவும் ஆகும். நம்மைப் போலவே தோட்டங்களுக்குப் போன தமிழர்கள் வாழும் மலேசியாவில், 1960ஆம் ஆண்டிலிருந்து இதுதான் தேசிய மலர்.

இதற்குத் தண்ணீரும் பசளையும் வேண்டும். காய்ச்சலில் விட்டால் மொட்டு உதிரும். இலைக்கு அடியிலும் குருத்திலும் வெள்ளையாக மாப்பூச்சி அப்பும். அதைக் கண்டால் சவர்க்காரத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும், மோசமாகப் பிடித்த கிளையை வெட்டி எறிந்துவிட வேண்டும்.

அடுத்தது கடதாசிப்பூ. போகன்வில்லா என்பதும் இதுதான். தென் அமெரிக்காவில் பிறந்த கொடி இது. 1760களில் கப்பலில் உலகத்தைச் சுற்றிய பூகன்வீல் என்ற பிரெஞ்சு மாலுமியின் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள். நாம் பூ என்று பார்க்கிறோமே, அந்தச் சிவப்பும் ஊதாவும் பூ இல்லை, நிறம் மாறிய இலைகள். நடுவில் சின்னதாக வெள்ளையாக இருப்பதே பூ. அதனால்தான் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது.

இந்தக் கொடியின் குணம் செவ்வரத்தைக்கு நேர் எதிர். வெயிலும் காய்ச்சலும் இருந்தால்தான் பூக்கும். தண்ணீரையும் பசளையையும் அள்ளிக் கொடுத்தால் இலையாகவே தள்ளும். ஆலங்குடா மணல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றியதும் குடித்துவிடும். கடற்காற்று உப்போடு அடிக்கும். அந்தக் கஷ்டத்தில்தான் இந்தப் பந்தல் இப்படிச் சிவந்திருக்கிறது. நமது மலையில் மழை விடாமல் பெய்கிற மாதங்களில் அதே கொடி பச்சையாகத்தான் நிற்கும். நல்ல வெயில் காலத்தில்தான் பூப் பார்க்கலாம். பனி கொட்டிக் கருக்கும் உயரத்தில் இருப்பவர்கள் இரண்டிலுமே அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. இந்தக் கொடிக்கு அவரைக்கொடி மாதிரிச் சுற்றிப் பிடிக்கும் கை கிடையாது. முள்ளை மாட்டிக்கொண்டு எதன் மேலாவது சாய்ந்துதான் ஏறும். நாம்தான் கட்டிவிட வேண்டும். கொடி என்றால் கொழுகொம்பு வேண்டும். அந்தக் கொழுகொம்பு யாருடையது? நாம் இன்றைக்குப் பேச நினைத்த விசயமே இதுதான்.

சில வருசங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் லயன்களை அழகுபடுத்தும் போட்டி நடந்தது. ஒரு குடும்பம் கடதாசிப்பூவைக் கூரைத் தகரத்தின் மேல் ஏற்றி, லயன் முழுவதும் சிவப்பாக்கியிருந்தது. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. அவர்களுக்கே முதல் பரிசு. பரிசு கொடுத்தவர்களில் நாமும் ஒருவர். கொடி தடித்து மரமாகி ஆணியோடு தகரத்தைத் தூக்கியது. சருகு விழுந்து பீலி அடைத்தது. அடுத்த பெருமழையில் மூன்று காம்பராக்களுக்குள் தண்ணீர். அதில் ஒன்றில் பச்சைப் பிள்ளை இருந்தது. நிர்வாகத்திடம் போனால், "கூரை தோட்டத்துக்குச் சொந்தம், கொடி வைத்தவர் திருத்தட்டும்" என்று பதில். பக்கத்துக் காம்பராக்காரர்களுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் நெடுநாள் பேச்சு வார்த்தை இல்லை. அழகை மட்டும் பார்த்துக் கைதட்டினோமே, கூரையை நிமிர்ந்து பார்த்தோமா என்று நாம் இன்றைக்கும் வருத்தப்படுகிறோம்.

இந்தக் கதையை ராத்தாவிடமும் சொன்னோம். அவர் சொன்னதைக் கேளுங்கள். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். மன்னாரிலிருந்து பலர் வள்ளம் ஏறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். இந்த ஆலங்குடாவிலும் முகாம்கள் இருந்தன. ராத்தாவும் அப்படி வந்தவர்தான்.

"அப்ப ஓலைக் குடிசை, தம்பி. அடுத்த ஆள்ர காணி. எப்ப எழும்பச் சொல்லுவாங்களோ தெரியாது. நான் ஒரு செவ்வரத்தைக் குச்சிய டின்னுல ஊண்டினேன். ரெண்டு தரம் குடிசை மாறினேன். ரெண்டு தரமும் குச்சி வெட்டிக்கிட்டுப் போனேன். கொடி வைக்க மனசு வரல்ல. வீடு சொந்தமான பொறகுதான் பந்தல் போட்டேன்" என்றார். உலக வங்கியின் உதவியோடு 2007இல் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டத்தைப் பற்றி நாம் பேப்பரில் படித்திருப்போம். வீடு நிலைத்த பிறகு ஒருவர் என்ன நடுகிறார் என்பதை இங்கேதான் பார்த்தோம்.

நமக்கும் மன்னாருக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. நமது முன்னோர் இறங்கி நடந்ததும் அந்தப் பக்கம்தான். 200 வருசம் ஆனதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நமது மக்கள் நடந்தார்கள். ஆனாலும் நம்மில் பலர் இன்னும் லயனில்தான் இருக்கிறோம். நமக்கு மரஞ்செடியில் ஆசை இல்லாமல் இல்லை. ஒரு மலையையே பச்சையாக வைத்திருக்கிற கைகள் இவை. ஆழமாக வேர் விட நமக்கென்று மண் இல்லை, அதுதான் குறை.

ஆகவே நாம் சொல்வது இதுதான். லயனில் இருப்பவர்கள் செவ்வரத்தையைக் கொண்டுபோங்கள். பழைய வாளியின் அடியில் ஓட்டை போட்டு வைத்தாலும் வரும். நாளைக்கு வீடு மாறினால் வாளியோடு தூக்கலாம், அல்லது குச்சி வெட்டலாம். கடதாசிப்பூவின் வேர் மெல்லியது, நிலத்திலிருந்து பெயர்த்தால் அறுந்துபோகும், பெரும்பாலும் திரும்பத் தளிர்க்காது. குடிமாறும் மக்களுக்கு அது ஏற்றதில்லை.

7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் கொடியையும் வைக்கலாம். ஆனால் சுவரிலும் கூரையிலும் சாய்க்காதீர்கள். வெயில் விழும் மூலையில், சுவரிலிருந்து நாலடி தள்ளி, சொந்தமாக இரண்டு கட்டை நட்டுப் பந்தல் போடுங்கள். பிள்ளைகள் ஓடும் பாதையில் வேண்டாம், முள் கண்ணில் குத்தும். காணி உறுதி இன்னும் கைக்கு வராதவர்கள், கொடிக்குக் குழி தோண்டும் முன் உறுதிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எழுத நாம் உதவி செய்கிறோம், அதற்குத்தான் நாம் இருக்கிறோம்.

குச்சி வைப்பதைத் தவறணையில் வேலை செய்தவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பென்சில் தடிப்பில், ஆறு எட்டு அங்குல நீளத்தில் வெட்டுங்கள். அடி இலையைக் கிள்ளி, ஈரப் பேப்பரில் சுற்றி, ஷொப்பிங் பேக்கில் போடுங்கள். மாப்பூச்சி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இங்கிருந்து மண் எடுக்க வேண்டாம், வேண்டாத பூச்சியும் கூட வரும். வீட்டில் நிழலில் ஊன்றுங்கள். செவ்வரத்தை ஒன்றரை மாதத்தில் வேர் விடும், குளிரில் இன்னும் சுணங்கும். கடதாசிப்பூக் குச்சி எல்லாம் பிடிக்காது, நாலு ஊன்றினால் ஒன்றிரண்டு வரலாம். இரண்டும் புதுத் தளிரில்தான் பூக்கும். ஆகவே தேயிலைக்குப் போல ஆழமாக வேண்டாம், லேசாகக் கவ்வாத்து செய்தால் போதும்.

பஸ் காலை 6 மணிக்குப் புறப்படும். ராத்தா சுபஹுத் தொழுகை முடிந்ததும் குச்சி வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். யாருக்கு எது என்று இன்றிரவே பெயர் கொடுங்கள். வெறுங்கையோடு வாங்காதீர்கள். நாம் கொண்டுவந்த தேயிலையில் இரண்டு பக்கட் மிச்சம் இருக்கிறது, அதை அவர் கையில் கொடுத்துவிட்டு வாங்குங்கள்.