காலி இடமா இது?

பெரியவர்களே, வலைக்கூடத் திண்ணையில் இடம் பிடித்திருக்கும் அம்மாமார்களே, பின்னால் நின்றே கேட்கும் தம்பிமார்களே!

கடற்கரைக்கு அரசு அதிகாரிகள் வரைபடம் வரைகிறார்கள். 25,000-க்கு ஒன்று என்ற அளவில் வரைந்தால் படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். நம் ஃபைபர் படகு பத்து மீட்டர்கூட வராது. அவர்கள் இழுக்கிற கோட்டின் தடிமனுக்குள்ளேயே படகு, வலை, ஏலம் போடுகிற மணல் எல்லாம் அடங்கிவிடும். பிறகு ஒருவர் வந்து, "இங்கே காலியாகத்தானே இருக்கிறது" என்பார்!

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2019-இல் மாற்றப்பட்ட 2011-ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை எடுத்துப் பாருங்கள். மீனவ கிராமம், ஊர்ப் பொது இடம், மீன் உலர்த்தும் களம், ஐஸ் ஃபேக்டரி வரைக்கும் சர்வே எண் தெரிகிற படத்தில் குறி என்றது. குடும்பங்கள் பெருகும், நாளைய வீடுகளுக்கும் திட்டம் போடு என்றது. கேட்க ஆளில்லாவிட்டால் காகிதம் காகிதமாகவே கிடக்கும்.

எண்ணூரில் என்ன நடந்தது? கொற்றலை ஆற்றுக் கழிமுகம். 1996-இல் ஒப்புதல் பெற்ற படத்தில் கழிவெளி இருந்தது. அடுத்து வந்த படத்தில் அதன் பெரும்பகுதியைக் காணோம்! தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கழுத்தளவுத் தண்ணீரில் கையால் இறால் தடவுகிறவரைக் கேட்டிருந்தால், எது சேறு, எது ஓடை, எங்கே அனல் மின் நிலையச் சாம்பல் படிந்தது என்று அங்கேயே காட்டியிருப்பார். யார் கேட்டார்கள்?

தரையிலும் இதே கதைதான். 1985-இல் மெரினாவை அழகாக்குகிறோம் என்று கட்டுமரங்களை அகற்ற வந்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் செத்தார்கள். 2023-இல் நொச்சிக்குப்பத்தில் லூப் ரோட்டில் போக்குவரத்து நெரிசல் என்று சொல்லி மீன் கடைகளை எடுத்தார்கள். அங்கே முதலில் வந்தது மீன் விற்ற பெண்ணா, லூப் ரோடா?

இது மீனவர் பிரச்சினை மட்டும் என்று ஒதுங்காதீர்கள், நகரத்து நண்பர்களே. வியாசர்பாடியிலிருந்து பஸ் பிடித்து ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வருகிற குடும்பத்துக்கும் இந்த மணல் சொந்தம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்ப் பாருங்கள்: மதில், மதில், நடுவில் ஒரு சந்து, சந்தின் முனையில் கேட், கேட்டில் ஒரு காவலாளி. கடலுக்குப் போகிற சந்து எது, யார் அடைத்தார்கள், எப்போது அடைத்தார்கள் என்பதும் நாமே வரையப்போகும் நம் படத்தில் ஏற வேண்டும்.

நம் படம் என்றேன். அதில் நம்மையும் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். போன தடவை ஆண்கள் மட்டும் கூடி ஒரு படம் போட்டார்கள். கோயில் இருந்தது. சீட்டாடுகிற மரத்தடி இருந்தது. கருவாடு காய்கிற இடம் இல்லை! (சிரிப்பு) ஆகவே இந்தத் தடவை படத்துக்காகக் கரையை நடந்து குறிக்கும்போது பெண்கள் முன்னால் நடப்பார்கள். பக்கத்துக் குப்பத்தோடு எல்லைத் தகராறு இருந்தால் அந்த இடத்தைப் புள்ளிக் கோடாகப் போடுவோம். மறைத்தால் நாளைக்கு அதை வைத்தே நம்மைப் பிரிப்பார்கள்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு முகத்துவாரத்தில் தொடங்குகிறோம். இடங்களைப் பதிவுசெய்யச் செல்போனை முழுசாகச் சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள். புயல் காலத்தில் கடல் எதுவரை ஏறியது என்று தெரிந்த தாத்தாக்களைக் கைப்பிடித்துக் கூட்டி வாருங்கள். பழைய பட்டா, ரேஷன் கார்டு, திருவிழா போட்டோ இருந்தால் நகல் எடுங்கள். அரசின் படம் குறித்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நம் படத்தை ஆட்சியர் மேசையில் வைத்து, வாங்கியதற்கு ரசீது கேட்போம். ரசீது கையில் வராமல் ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது.