மங்கிய கதிரும் மீக்கடத்தி உணரிகளும்

 

ரேடியோ அலைக்கும் அகச்சிவப்புக் கதிருக்கும் இடைப்பட்டது டெராஹெர்ட்ஸ் பகுதி. விண்மீன்களுக்கு இடையே உள்ள மேகங்களில் அயனியாகிவிட்ட கார்பன் இந்தப் பகுதியில்தான், 1.9 டெராஹெர்ட்ஸில், ஒளிர்கிறது. ஆனால் 1 டெராஹெர்ட்ஸ் ஃபோட்டானின் ஆற்றல் சுமார் 4 மில்லி எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்க அதைப்போல் 250 மடங்குக்கு மேல் வேண்டும். அறை வெப்பநிலையின் வெப்ப அசைவே சுமார் 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்பதால், சாதாரணக் கருவியில் இந்தக் கதிர் அடையாளமின்றி மூழ்கிவிடும்.

இங்குதான் மீக்கடத்தி கைகொடுக்கிறது. 1911இல் லைடனில் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தில் மீக்கடத்தலைக் கண்டார். குளிர்ந்த அலுமினியத்தில் இரு எலக்ட்ரான்கள் சேர்ந்த ஒரு கூப்பர் இணையைப் பிரிக்க சுமார் 0.1 டெராஹெர்ட்ஸ் ஃபோட்டானின் ஆற்றலே போதும். அப்படி இணை பிரியும்போது மின்தூண்டல் மாறுகிறது. சுற்றின் ஒத்ததிர்வு அதிர்வெண் நகர்கிறது. 2003இல் அறிவிக்கப்பட்ட இயக்கத் தூண்டல் உணரியின் அடிப்படை இதுவே. பல உணரிகளை ஒரே கம்பியில் படிக்கலாம் என்பது அதன் பெருஞ்சிறப்பு. மீக்கடத்தலின் விளிம்பில் நிறுத்தி, மின்தடையின் ஏற்றத்தை அளக்கும் உணரி இன்னொரு வகை. ஹவாயின் மௌனா கேயாவில் ஸ்கூபா-2 கருவி இவ்வகையில் சுமார் 10,000 உணரிகளைக் கொண்டது. நிறமாலையை நுணுகிப் பிரிக்க வேண்டுமானால் அலைக்கலப்பிகள் தேவை. அட்டகாமாவின் அல்மா தொலைநோக்கி அவற்றையே நம்பியுள்ளது.

உணரி மட்டும் நுட்பமாக இருந்தால் போதுமா? 2009இல் ஏவப்பட்ட ஹெர்ஷல் விண்நோக்கியின் 3.5 மீட்டர் ஆடி சுமார் 85 கெல்வினில் இருந்தது. ஆடியின் சொந்த ஒளிர்வே வானத்தின் மங்கிய ஒளியை விஞ்சியது. ஆடியை 8 கெல்வினுக்குக் கீழே குளிர்விக்கத் திட்டமிட்ட ஸ்பிகா விண்நோக்கி 2020இல் கைவிடப்பட்டது. அதற்கு வேண்டிய உணர்திறனை, ஹெர்ட்ஸின் வர்க்கமூலத்திற்கு 10⁻¹⁹ வாட் என்ற அளவை, ஆய்வகங்கள் எட்டிவிட்டன. இன்றைய குறை உணரியில் இல்லை; ஆடி, குளிர்விப்பு, வாசிப்புச் சுற்று ஆகியவற்றை அதனோடு இணைப்பதில்தான் இருக்கிறது.

எனவே இந்தக் கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இரைச்சலின் அளவைச் சொல்லும்போது, அது இருட்டில் மின்முறையில் கணித்ததா, தெரிந்த அளவு கதிரைப் பாய்ச்சி அளந்ததா என்பதையும் சொல்லுங்கள். குளிர்கலத்தின் வெப்பநிலை, விழும் கதிரின் திறன், உறிஞ்சும் விகிதம் ஆகியவற்றையும் சேர்த்துத் தாருங்கள். அவை இல்லாமல் இரு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிட இயலாது. கேட்பவர்களும் இவற்றைத் தயங்காமல் கேளுங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.