சோர்வு தனிநபர் குறையன்று, ஸ்தாபனத்தின் பொறுப்பு

(சுற்றுச்சூழல் போராட்டக் களங்களில் பணியாற்றும் கட்சி ஊழியர்களின் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சுற்றுச்சூழல் போராட்டங்களில் ஈடுபட்டுள்ள ஊழியர்களின் சோர்வைப் பற்றிக் கட்சி வெளிப்படையாகப் பேச வேண்டிய நேரம் இது. கூலிப் போராட்டத்தில் தோற்ற தொழிற்சங்கம், அடுத்த ஒப்பந்தத்தில் இழந்ததை மீட்க முடியும். ஆனால் வெட்டப்பட்ட காடும், அணைநீரில் மூழ்கிய கிராமமும் திரும்புவதில்லை. மீட்க முடியாத இழப்புகளைத் திரும்பத் திரும்பக் காணும் ஊழியர் முதலில் கூட்டங்களுக்கு வருவதைக் குறைக்கிறார். பிறகு உறுப்பினர் பதிவைப் புதுப்பிக்காமல் விடுகிறார். அறிக்கையில் அவர் “செயல்படாதவர்” ஆகிறார். அவருக்கு என்ன நேர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை.

உத்தராகண்டின் ரேணி கிராமத்தைப் பாருங்கள். 1974 மார்ச் 26 அன்று கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மரங்களைக் காத்து நின்று, ஒப்பந்தக்காரரின் ஆட்களைத் திருப்பியனுப்பிய ஊர் அது. சிப்கோ இயக்கத்தை உலகறியச் செய்த அவ்வூரின் அருகிலேயே பின்னாளில் ரிஷி கங்கா நீர்மின் திட்டம் வந்தது. பாறைகளை வெடிவைத்துத் தகர்ப்பதையும், ஆற்றோரம் கழிவு கொட்டுவதையும் எதிர்த்து ஊரார் 2019இல் உயர் நீதிமன்றம் சென்றனர். 2021 பிப்ரவரி 7 அன்று மலையிலிருந்து சரிந்த பாறையும் பனியும் பெருவெள்ளமாகி அத்திட்டத்தை அடித்துச் சென்றன. தபோவன் திட்டச் சுரங்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர் உட்பட 200 பேருக்கு மேல் மாண்டனர் அல்லது காணாமற்போயினர்.

அப்பகுதித் திட்டங்களின் அனுமதியை ரத்து செய்யக் கோரி, ரேணி ஊரார் உள்ளிட்ட ஐவர் மீண்டும் நீதிமன்றத்தை அணுகினர். அதே ஆண்டு ஜூலையில் மனு தள்ளுபடியானது. ஐவருக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் இடதுசாரித் தலைவர் அதுல் சதி. 2023 ஜனவரியில் ஜோஷிமத் நகரில் 800க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் விரிசல் கண்டபோது, மக்களைத் திரட்டிய போராட்டக் குழுவின் அமைப்பாளராக நின்றவரும் அவரே.

இத்தகைய அடிகளுக்குப் பின்னும் எழுந்து நிற்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? சித்தாந்தத் தெளிவு அடித்தளம், அதில் ஐயமில்லை. ஆயினும் அது மட்டும் போதாது என்பதை அனுபவம் காட்டுகிறது. அமெரிக்காவின் அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தில் பணியாற்றிய ஜோயன்னா மேசி இக்கேள்வியைப் பல்லாண்டு ஆராய்ந்தார். துயரத்தை அடக்கி வைத்தால் அது மரத்துப்போன நிலையாக மாறும் என்பது அவரது முடிவு. அவர் நடத்திய பயிற்சிகளுக்கு நான்கு படிகள் உண்டு: நன்றியை உணர்தல், உலகிற்காகக் கொள்ளும் வலியை மதித்தல், புதிய கண்களுடன் பார்த்தல், மீண்டும் களம் புகுதல். அவர் பௌத்த மரபிலிருந்து பேசியவர். வர்க்க ஆய்வு அவரது பணியின் மையமன்று. எனினும், ஆற்றின் சாவுக்காக ஒருவர் அழுவது பலவீனமன்று, அந்த ஆற்றுடன் அவருக்குள்ள உறவின் சான்று என்ற கருத்தை இடதுசாரிகள் தயக்கமின்றி ஏற்கலாம். இயற்கையை மனிதனின் உடலின் நீட்சியாகக் கண்டவர் இளம் மார்க்ஸ்.

மார்க்சிய மரபுக்கு இது புதிதுமன்று. ரோசா லக்சம்பர்க் 1913 முதல் செடிகளைச் சேகரித்து உலர்த்தி ஏட்டில் ஒட்டி வந்தார்; சிறையிலும் அப்பணியைத் தொடர்ந்தார். 1917இல் வ்ரோன்கே சிறையிலிருந்து சோபி லீப்னெக்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், ஜெர்மனியில் பாடும் பறவைகள் மறைந்துவருவதைக் குறித்து வருந்தினார். வனமும் வேளாண்மையும் “அறிவியல் முறைப்படி” சீர்செய்யப்பட்டதில் அவற்றின் கூடுகட்டும் இடங்கள் அழிந்ததே காரணம் என்றார். அதே ஆண்டு டிசம்பரில் பிரெஸ்லாவ் சிறை முற்றத்தில் சிப்பாய் ஒருவன் எருமைகளை அடித்ததைக் கண்டு கலங்கி எழுதினார். பறவைக்காகவும் எருமைக்காகவும் வருந்திய அதே மனம்தான் உலகப் போரைச் சமரசமின்றி எதிர்த்தது. புரட்சியில் முன்னின்று 1919 ஜனவரியில் உயிர் துறந்தது.

சிப்கோ இயக்கமும் இதே பாடத்தைத் தருகிறது. ரேணியைச் சுற்றிய ஊர்களில் மரம் வெட்டலுக்கு எதிராக மக்களைத் திரட்டியவர்களுள் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த கோவிந்த் சிங் ராவத்தும் இருந்தார். காந்தியவாதியான சண்டி பிரசாத் பட்டும் அவரது தோழர்களும், 1970 அலக்நந்தா வெள்ளத்தால் சிதைந்த மலைச்சரிவுகளில் உழைப்பு முகாம்களை நடத்தினர. ஊர்ப் பெண்களும் மாணவர்களும் ஒன்றாகக் கல்சுவர் கட்டினர், கன்று நட்டனர், ஒன்றாக உண்டனர், இரவில் விவாதித்தனர். எதிர்ப்பு மட்டும் மனிதரை வறளச் செய்யும். காக்கப் போராடும் மண்ணிலேயே கைகொண்டு உழைப்பது அவர்களை மீண்டும் நிரப்பும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. மன அமைதி இன்று விற்பனைச் சரக்கு. காட்டை அழித்துக் கட்டிய விடுதியிலேயே “இயற்கையுடன் இணையும்” முகாமுக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். அது போராட்டத்திலிருந்து விலகும் வழி. இங்கு பேசப்படுவது போராட்டத்திற்குத் திரும்பும் வழி. மேலும், மீனவருக்கும் பழங்குடி விவசாயிக்கும் இயற்கையுடன் இணைய எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களின் உழைப்பே அந்த இணைப்பு. கற்க வேண்டியவர்கள் நகரத்து ஊழியர்களே.

ஆகவே கிளைகள் மூன்று பணிகளை ஏற்க வேண்டும். ஒன்று: பெரிய இழப்புக்குப் பின் கூடும் முதல் கூட்டத்தில், அடுத்த திட்டத்தைப் பேசும் முன், களத்தில் இருந்தவர்கள் கண்டதையும் உணர்ந்ததையும் சொல்ல இடமளிக்க வேண்டும், அதற்குத் தீர்மானமோ விமர்சனமோ வேண்டாம், கேட்டால் போதும். இரண்டு: ஆண்டில் சில நாட்களேனும் ஊழியர்கள் அப்பகுதி உழைப்பாளிகளுடன் குளத்திலும் வயலிலும் கரையிலும் வேலை செய்ய வேண்டும். மூன்று: வழக்கும் அபராதமும் தனி ஒருவரின் தலையில் விழ விடக்கூடாது, பொறுப்புகளைச் சுழற்சி முறையில் பகிர வேண்டும், ஓய்வெடுப்பவரைக் கோழை என்று எண்ணலாகாது.

வரும் ஆண்டுகளில் வெள்ளமும் வெப்பமும் கூடும். லாபவெறி தானாகத் தணியாது. நீண்ட போராட்டத்திற்கு நீண்ட மூச்சு வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்திற்குச் செல்லும் முன், வருவதை நிறுத்திவிட்ட ஒரு தோழரின் வீட்டுக்குச் செல்லுங்கள். அறிக்கை கேட்காதீர்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள். பணி அங்கிருந்து தொடங்கட்டும்.