காலைக் காவு கேட்கும் பீடி!

(தென்காசியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



வழக்கமாக இந்த மேடையில் உரிமைகளைப் பற்றிப் பேசுவோம். இன்று ஒரு சகோதரரின் காலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அவருக்கு வயது முப்பத்தைந்துகூட ஆகவில்லை. குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பார். சாரலில் நனைந்தபடி நாள் முழுக்க நின்றே வியாபாரம். குளிருக்கு இதமாக ஒரு பீடி, அது அணைவதற்குள் இன்னொன்று! ஒருநாள் நடக்கும்போது பாதம் வலித்தது. நின்றால் குறைந்தது, நடந்தால் மீண்டும் வந்தது. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்தார். பிறகு படுத்திருந்தாலும் வலித்தது. கட்டைவிரல் நுனியில் புண் வந்தது. "எனக்குச் சர்க்கரை இல்லையே, ஆறிவிடும்" என்றார். ஆறவில்லை, கறுத்தது. முதலில் விரல் போனது. அதற்குப் பின்னும் ஒளித்து ஒளித்து பீடி குடித்தார். இன்று முழங்காலுக்குக் கீழே கால் இல்லை.

இந்த நோய்க்குப் பெயர் பர்ஜர் நோய். நியூயார்க்கில் லியோ பர்ஜர் என்ற மருத்துவர், வெட்டி எடுக்கப்பட்ட கால்களைப் பரிசோதித்து 1908-இல் இதை விளக்கி எழுதினார். கை கால்களுக்குப் போகும் சிறிய, நடுத்தர ரத்தக் குழாய்கள் அழன்று வீங்கும். உள்ளே ரத்தம் உறைந்து வழியை அடைக்கும். வாய்க்கால் அடைபட்டால் கடைமடை வயல் கருகுவதுபோல விரல் நுனி முதலில் கருகும். இது பெரும்பாலும் புகையிலைப் பழக்கம் உள்ள, ஐம்பது வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கு வருகிறது. பீடி குடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம் என்று வங்காளதேசத்தில் செய்த ஓர் ஆய்வு 2000-இல் சொன்னது. குளிரும் ரத்தக் குழாயைச் சுருக்கும், புகையும் சுருக்கும். அருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு பீடி பற்றவைக்கும் தம்பிகளே, யோசித்துப் பாருங்கள்!

சகோதரர்களே! ரத்தக்குழாய் அழற்சி என்பது ஒரு பெரிய குடும்பம். பர்ஜர் நோய் அதில் ஒரு பிள்ளை. ரத்தம் போகாத உறுப்பு உடலில் ஏது? ஆகவே எந்தக் குழாய் அழல்கிறதோ அந்த உறுப்பு பாதிக்கப்படும். ஜப்பானின் கண் மருத்துவர் தகயாசு, அதே 1908-இல் ஒன்றை எடுத்துச் சொன்னார். அது பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருவது. பெருந்தமனியும் அதன் கிளைகளும் சுருங்கி, மணிக்கட்டில் நாடியே கிடைக்காமல் போகலாம். சின்ன வயதிலேயே ரத்த அழுத்தம் ஏறும். நம் நாட்டிலும் இது காணப்படுகிறது. துருக்கியின் பெஹ்செத் 1937-இல் விவரித்த நோயில் வாய்ப்புண் திரும்பத் திரும்ப வரும், கண் பார்வைக்கும் ஆபத்து. கவாசாகி நோய் சிறு குழந்தைகளின் இதயக் குழாயைத் தாக்கும். ஐந்து நாளுக்கு மேல் விடாத காய்ச்சலை அலட்சியம் செய்யாதீர்கள். இன்னொரு வகை மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் மூன்றையும் பிடிக்கும். இருமலில் ரத்தம் வருவதால் காசநோய் என்றே பலகாலம் தவறாக மருந்து சாப்பிடுவோர் உண்டு. ஐம்பதைத் தாண்டியவருக்கு நெற்றிப்பொட்டில் புதிதாகக் கடும் தலைவலி வந்து பார்வை மங்கினால், ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

இவற்றில் பலவற்றுக்கு இன்று மருந்து இருக்கிறது. காலத்தில் கண்டுபிடித்தால் உறுப்பைக் காப்பாற்றலாம். ஆனால் பர்ஜர் நோய்க்கு முதல் மருந்து கடையில் கிடைக்காது. அது உங்கள் கையில் இருக்கிறது. புகையிலையை அடியோடு விட வேண்டும். குறைப்பது போதாது. நாளைக்கு ஒன்றிரண்டு பீடியும் நோயை உயிரோடு வைத்திருக்கும். வாயில் அடக்கும் புகையிலையும் அப்படித்தான். அமெரிக்க மருத்துவர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து புகைத்தவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் உறுப்பை இழந்தார்கள். சதை அழுகுவதற்கு முன்பே விட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தப்பினார்கள்.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. கடையநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் நம் தாய்மார்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்த உழைப்பை இழிவாகப் பேச எனக்கு நாக்கு வராது. தட்டை இன்றே தூக்கி எறியுங்கள் என்று சொல்ல, அவர்கள் வீட்டில் நாளை அடுப்பெரிய நான் வழி வைத்திருக்கிறேனா? ஆனால் உம்மா சுற்றிய பீடியில் மகனின் கால் போகிறதே, அதைப் பார்த்தும் எப்படி வாய்மூடி இருப்பது? அவர்களுக்கு வேறு தொழில் தேடித் தருவது நம் சமுதாயத்தின் கடமை. வசதியுள்ள வணிகர்கள் அதற்கு முன்வர வேண்டும்.

வணிகர்களே! பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலை விற்பதும், கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜத்துக்குள் விற்பதும் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முதல் பீடியை நீட்டிய கை நம் கையாக இருக்கலாமா?

இளைஞர்களே! நடந்தால் பாதமோ கெண்டைக்காலோ வலித்து, நின்றால் குறைகிறதா? குளிரில் விரல் வெளுத்து நீலம் பாய்கிறதா? விரல் நுனியில் ஆறாத புண் இருக்கிறதா? தைலம் தேய்த்து நாளைக் கடத்தாதீர்கள். தென்காசி அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தேவையென்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்குப் போங்கள். பீடியை விட முடியவில்லையா? 1800-11-2356 என்ற இலவச எண்ணில் வழிகாட்டுகிறார்கள்.

உடல் இறைவன் நம்மிடம் தந்த அமானிதம். அதைப் புகைத்துத் தீர்க்க நமக்கு உரிமை இல்லை. இந்தக் கூட்டம் முடிந்து வெளியே போகும்போது சட்டைப்பையில் கை போகும். அந்த ஒரு நிமிடம், காலை இழந்த அந்தச் சகோதரரை நினைத்துக்கொள்ளுங்கள்.