பழைய புல்லட்டில் எண்ணெய்க் கசிவு

1955 முதல் சென்னையில் உருவான புல்லட் வண்டிகளில், வார்ப்பிரும்பு இன்ஜின் கொண்ட பழையவை எண்ணெய் சொட்டுவதற்குப் பேர்போனவை. எண்ணெய் சொட்டும் இடமே கசியும் இடமென்று கொள்ளக்கூடாது; காற்றில் அது பின்னோக்கி வழிந்திருக்கும். ஆறிய இன்ஜினை மண்ணெண்ணெயால் கழுவி, துடைத்துக் காயவைத்து, முகப்பவுடர் தூவிச் சற்று நேரம் ஓடவிட வேண்டும். பவுடர் முதலில் நனையும் இடத்தில்தான் கசிவு. அது இடப்பக்க செயின் கவர் என்றால் ரப்பர் சீலை மாற்ற வேண்டும். நட்டை மேலும் முறுக்கினால் கவர் வளைந்து கசிவு கூடும். பல இடங்களில் ஒரே சமயம் கசிந்தால், இன்ஜினின் உள்காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருக்கலாம். அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி எண்ணெய் வெளியேறும். அந்தக் குழாயைப் பார்க்காமல் கேஸ்கட் மாற்றுவது வீண்செலவு.