அடைக்கலம் காத்த படை



கொல்கத்தாவில், பிரின்ஸெப் கட்டத்துக்கு அருகே, ஹூக்ளி நதிக்கரையில் உயர்ந்ததொரு நினைவுச் சின்னம் நிற்கிறது. லஸ்கார் நினைவுச் சின்னம் என்பது அதன் பெயர். 1914 முதல் 1918 வரை நடந்த உலக மகாயுத்தத்தில் உயிர் நீத்த 896 கப்பல் தொழிலாளிகளின் நினைவாக அது 1924-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் பிறந்த எளிய மக்கள் அவர்கள். அவர்களைப் போலவே, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் அந்த யுத்தத்துக்காகக் கடல் கடந்து சென்றனர். ஆனால், யுத்தத்தில் இறங்குவதா வேண்டாமா என்று இந்நாட்டு மக்களை எவரும் கேட்கவில்லை. முடிவு லண்டனில் செய்யப்பட்டது. உயிர் இங்கிருந்து கொடுக்கப்பட்டது.

சுதந்திரம் அடைந்து மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள் அதே கேள்வி மீண்டும் எழுந்தது. இம்முறை விடை கூறவேண்டியவர்கள் நாமே. 1950 ஜூன் 25-ஆம் தேதி வட கொரியப் படைகள் தென் கொரியாவினுள் புகுந்தன. ஐக்கிய நாடுகளின் பெயரால், அமெரிக்காவின் தலைமையில், 16 தேசங்கள் போர்ப் படைகளை அனுப்பின. ஆக்கிரமிப்பைக் கண்டித்த தீர்மானத்தை இந்தியாவும் ஆதரித்தது. ஆனால், போரிடும் படையை அனுப்ப நேருவின் சர்க்கார் இசையவில்லை. காயம் பட்டவர்க்குச் சிகிச்சை செய்யும் படையை அனுப்பியது.

அதுவே 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் படை. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். 1941-ஆம் ஆண்டில் பாராசூட் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து முதன்முதலாகக் குதித்த இந்தியர் இருவருள் ஒருவர் அவர். 1950 நவம்பரில் அப்படை கொரியா சேர்ந்தது. உடனே சோதனையும் வந்தது. சீனப் படைகள் பாய்ந்து வர, நேசப் படைகள் பியாங்யாங் நகரை விட்டுப் பின்வாங்கின. மருத்துவச் சாமான்களை ஏற்றிச் செல்ல வண்டிகள் இல்லை. விட்டுச் செல்லவோ நம்மவர்க்கு மனம் இல்லை. கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் நிரப்பி, தாமே ஓட்டிக்கொண்டு, பாலம் தகர்க்கப்படுமுன் ஆற்றைக் கடந்துவிட்டனர்! 1951 மார்ச்சில் முன்சான் என்ற இடத்தில் அமெரிக்கப் பாராசூட் படையினருடன் நம் மருத்துவக் குழுவினரும் குதித்தனர். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது.

இதைவிடக் கடினமான பணி பின்னர் வந்தது. 1953 ஜூலை 27-ஆம் தேதி போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று. ஆனால், ஐ.நா. தரப்பில் பிடிபட்டிருந்த வட கொரியர், சீனர் ஆகியோருள் 22,000-க்கு மேற்பட்டவர்கள் தாயகம் திரும்ப மறுத்தனர். அவர்களை வற்புறுத்தி அனுப்பலாமா? அவர்கள் சொல்வது அவர்களது சொந்த விருப்பந்தானா? இதைத் தீர்க்க அமைந்த நடுநிலை நாடுகளின் ஆணைக்குழுவுக்கு ஜெனரல் திம்மய்யா தலைவரானார். மேஜர் ஜெனரல் தோரட்டின் கீழ் ஏறத்தாழ 6,000 இந்தியச் சிப்பாய்கள் கைதிகளைப் பொறுப்பேற்றனர்.

அப்படைக்கு ஆங்கிலத்தில் ‘கஸ்டோடியன்’ படை என்று பெயர். மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்ட எனக்கு இச்சொல் சற்றுத் தயக்கம் தருவது. ‘காவற்படை’ என்றால் சிறைக்காவல் என்றே பொருள்படுகிறது. ‘அடைக்கலம்’ என்ற நம் பழஞ்சொல்லே இதற்குப் பொருந்தும். கண்ணகியை மாதரியிடம் கவுந்தியடிகள் ஒப்படைத்தது போல, பிறர் ஒப்படைத்த உயிரைத் தன்னுடையதாகக் கருதிக் காப்பது அது.

காப்பது எளிதாக இருக்கவில்லை. இந்தியச் சிப்பாய் தம் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்றார் தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ. ஆகவே, இஞ்சோன் துறைமுகத்திலிருந்து நம் வீரர்கள் ஹெலிகாப்டர் மூலமே கொண்டு செல்லப்பட்டனர். இந்திய மேஜர் ஒருவரைக் கைதிகள் பிடித்து வைத்துக்கொண்டபோது, தோரட் தாமே முகாமினுள் சென்று, பேச்சினாலேயே மீட்டு வந்தார். எல்லா வேளைகளிலும் பேச்சு பலிக்கவில்லை. துப்பாக்கிப் பிரயோகம் நேர்ந்து கைதிகள் சிலர் மாண்டதும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இரு தரப்பாரும் நம்மை ஐயுற்றனர். 1954 ஜனவரியில், திரும்ப மறுத்தவர்களை, அவர்களைப் பிடித்து வைத்திருந்த தரப்பிடமே ஒப்படைத்து நம் படை விடைபெற்றது.

எந்தக் கொரியாவும் வேண்டாம், சீனாவும் வேண்டாம் என்ற 88 பேர் நம் வீரர்களுடன் கப்பலேறி, 1954 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினர். பின்னர் அவர்களுள் பலர் பிரேஸிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் சென்றனர். சிலர் இந்நாட்டிலேயே தங்கினர். இத்தகைய ஒருவனைக் கதாநாயகனாக வைத்து, கொரிய எழுத்தாளர் சோ இன்ஹூன் 1960-இல் ‘சதுக்கம்’ என்ற நாவலை எழுதினார். அதில் அவன் ஏறிவரும் இந்தியக் கப்பலுக்கு அவர் வைத்த பெயர் ‘தாகூர்’. கொல்கத்தாவில் வாழும் நமக்கு இது பெருமை தரும் செய்தியல்லவா?

அந்தப் பணியால் கொரியா ஒன்றுபடவில்லை. இன்றும் அது இரண்டாகவே இருக்கிறது. எனினும், பிறர் மூட்டிய போரில் நம் பங்கு என்ன என்பதை முதன்முறையாக நாமே நிச்சயித்தோம். கட்டுத்துணியும் காவலுமே அந்தப் பங்கு என்று நிச்சயித்தோம். வெற்றி தோல்விக் கணக்கில் அதற்கு இடமில்லாமல் இருக்கலாம். பிழைத்தெழுந்தவரின் கணக்கில் இடம் உண்டு.