தகப்பனுக்கும் விடுப்பு வேண்டும்

ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று பிரிக்கக் கூடாதென நம் நாட்டில் 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் பெண்ணின் வருமானம் பின்தங்கியே நிற்கிறது. ஏன்? டென்மார்க்கில் அரசுப் பதிவேடுகளை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் கணக்குப் பார்த்தார்கள். முதல் குழந்தை பிறக்கும்வரை ஆண், பெண் இருவர் வருமானமும் ஒரே போக்கில்தான் ஏறுகிறது. பிறந்ததும் தாயின் வருமானம் சரிகிறது. 20 ஆண்டு கழித்தும் தகப்பனோடு ஒப்பிட்டால் சுமார் 20 விழுக்காடு பின்தங்கியே இருக்கிறது. தகப்பனின் வருமானமோ அசைந்து கொடுக்கவில்லை.

நம் நாட்டில் 2017-ல் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. நல்ல சட்டம், அதில் ஒரு நாளைக்கூடக் குறைக்கக் கூடாது. ஆனால் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தின் வரம்புக்குள் வராத பெண்ணுக்கு அந்த 26 வாரச் சம்பளம் முழுவதையும் நிறுவனமே தர வேண்டும். தகப்பனுக்கோ, மத்திய அரசு ஊழியராக இருந்தால் 15 நாள். தனியார் துறை என்றால் சட்டப்படி ஒன்றுமில்லை. இதன் விளைவை நேர்காணல் அறையில் பார்க்கலாம். “கல்யாணம் ஆகிவிட்டதா? குழந்தை எப்போது?” என்று பெண்ணிடம் கேட்கிறார்கள். அதே வேலைக்கு வந்து அடுத்த நாற்காலியில் காத்திருக்கும் இளைஞனிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. அவனுக்கும்தான் நாளை பிள்ளை பிறக்கும்!

அப்படியானால் தாயின் விடுப்பைத் தகப்பனோடு பகிர்ந்துகொள்ளட்டுமே என்பார்கள். பிரிட்டன் 2015-ல் அதைத்தான் செய்தது. தாய் விட்டுக்கொடுத்தால் தகப்பன் எடுக்கலாம் என்றது; விடுப்புக்கால உதவித்தொகையோ சொற்பம். எடுத்தவர்கள் மிகச் சிலரே. நார்வே 1993-ல் வேறு வழியில் போனது. நான்கு வாரம் தகப்பனுக்கு மட்டும், எடுக்காவிட்டால் குடும்பத்துக்கே அது இல்லை என்று வைத்தது. அதற்கு முன் நூற்றுக்கு ஐந்து தகப்பன்கள்கூட விடுப்பு எடுக்காத நாட்டில், சில ஆண்டுகளிலேயே பெரும்பாலோர் எடுத்தார்கள். சலுகையாக நீட்டினால் மேலதிகாரியின் முகம் பார்த்துத் தயங்குகிறவன், உரிமையென்றால் துணிந்து கேட்கிறான்.

பிரசவித்தவளுக்குத்தானே ஓய்வு வேண்டும், ஆணுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவள் உடல் தேற வேண்டும் என்பதற்காகவே கேட்கிறோம். அறுவைசிகிச்சைத் தையல் ஆறாதவள், இரவில் நான்கு முறை எழுந்து குழந்தையைத் தூக்க வேண்டுமா? விடுப்பு கொடுத்தால் அவன் ஊர் சுற்றுவான் என்பதும் ஒரு வாதம். சிலர் சுற்றலாம், அதற்காகப் பொறுப்பானவனின் உரிமையை மறுப்பது நியாயமாகாது.

செலவை யார் ஏற்பது என்பதுதான் வலுவான கேள்வி. சிறு நிறுவனத்தின் தலையில் அதைக் கட்டக் கூடாது. இ.எஸ்.ஐ.யில் ஆண், பெண் வேறுபாடின்றி எல்லா ஊழியருக்காகவும் ஒரே விழுக்காட்டில் பணம் கட்டப்படுகிறது. மகப்பேற்று ஊதியம் அந்தப் பொதுநிதியிலிருந்து வருகிறது. அங்கே பெண்ணை வேலைக்குச் சேர்ப்பதால் முதலாளிக்குத் தனியாக விடுப்புச் சம்பளச் செலவு இல்லை. சம்பளச் சீட்டே இல்லாத சித்தாள் பெண்ணுக்கு என்ன செய்வது? நம் மாநிலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் ஏழைத் தாய்க்கு 18,000 ரூபாய் மதிப்பில் அரசே உதவுகிறது. பிள்ளைப்பேற்றுச் செலவைப் பொதுப்பணம் ஏற்பது நமக்குப் புதிதல்ல.

ஆகவே உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது இரண்டைக் கேளுங்கள்: தனியார் துறைத் தகப்பனுக்கும், மாற்றிக்கொடுக்க முடியாத, சம்பளத்தோடு கூடிய விடுப்பு, அந்தச் சம்பளத்துக்கு ஒரு பொதுநிதி. பெண்கள் மட்டும் கேட்டால் போதாது. தகப்பன்களே, நீங்களும் சேர்ந்து கேளுங்கள்.